அனுபவஸ்தனுக்குப் புத்தகம் எதற்கு?

பிரசாந்த் அதுவரை வாழ்க்கையில் பெரிய பொய் எதுவும் சொன்னதில்லை. சின்னப் பொய்கள் உண்டு. "இன்னைக்கு ஓ.டி. போட்டுட்டாங்க" என்பது ஒன்று. "உங்க அம்மா வெச்ச மீன் குழம்பு பிரமாதம்" என்பது இன்னொன்று. இவற்றை யாரும் பொய் என்று சொல்வதில்லை. குடும்பம் நடத்துவது என்று சொல்வார்கள்.

ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி டீ பிரேக்கில், கம்பெனி கேன்டீனில், ஒரு கையில் மசால் வடையும் மறு கையில் செல்போனுமாக உட்கார்ந்திருந்தவன் கட்டை விரலால் ஒரு பொத்தானை அழுத்திவிட்டான். 'கண்டுபிடித்தேன்' என்பது அந்தப் பொத்தானின் பெயர்.

அவன் கண்டுபிடிக்கவில்லை.

விஷயம் இதுதான். உலகம் முழுக்க ஒரு கூட்டம் இருக்கிறது. அதில் ஒருவர் ஒரு சின்ன டப்பாவை எங்காவது ஒளித்து வைப்பார். மரப்பொந்து, மைல் கல், பாலத்தின் அடி, எங்கே வேண்டுமானாலும். அந்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையை ஆப்பில் போட்டுவிடுவார். மற்றவர்கள் போனைப் பிடித்துக்கொண்டு போய்த் தேட வேண்டும். கிடைத்தால், உள்ளே இருக்கும் சீட்டில் பெயரும் தேதியும் எழுதி, டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, ஆப்பில் 'கண்டுபிடித்தேன்' போட வேண்டும். பரிசு கிடையாது. பணம் கிடையாது. கண்டுபிடித்தோம் என்கிற பெருமை மட்டும். இதற்கு ஜியோகேச்சிங் என்று பெயர். மோகனப்ரியா, அதாவது பிரசாந்தின் மனைவி, இதற்கு வைத்த பெயர் டப்பா பொறுக்குறது.

ஒரகடத்தில் ஒரு வண்டி உதிரிபாகக் கம்பெனியில் பிரசாந்துக்குத் தரம் பார்க்கும் வேலை. ஒரு ஷிப்ட்டுக்கு நாலாயிரம் போல்ட். ஒவ்வொன்றின் மரையையும் கேஜ் போட்டுப் பார்த்து, சரியானதை இந்தப் பக்கமும் சரியில்லாததை அந்தப் பக்கமும் போட வேண்டும். ஆறு மணிக்கு ஆரம்பித்து இரண்டரைக்கு முடியும். அதற்கு மேல் அவன் ராஜா. பைக்கை எடுத்துக்கொண்டு டப்பா தேடப் போய்விடுவான். ஆறு வருஷத்தில் முன்னூற்றுப் பன்னிரண்டு டப்பா. ஸ்ரீபெரும்புதூர் ஏரிக்கரையிலிருந்து சென்னை பீச் வரை அவன் கை படாத பொந்து கிடையாது. வாட்ஸாப் குழுவில் முப்பத்துநாலு பேர். அத்தனை பேருக்கும் அவன் 'பிரசாந்த் அண்ணா'.

அந்த அண்ணா பட்டம்தான் வினையாகப் போயிற்று.

போன மாதம் தமிழில் ஒரு வழிகாட்டிப் புத்தகம் வந்தது. டப்பா எங்கெல்லாம் ஒளித்து வைப்பார்கள், எப்படித் தேடுவது என்று படம் போட்டு விளக்கம். குழுவில் யாரோ, "இது பழகினவங்களுக்கும் பிரயோஜனப்படுமா?" என்று அப்பாவியாகக் கேட்டுவிட்டார்கள். பிரசாந்த் ஒரு கட்டுரையே எழுதிவிட்டான். தலைப்பு: 'அனுபவஸ்தனுக்குப் புத்தகம் எதற்கு?' புத்தகம் எழுதினவர் ஒரகடத்தில் ஒரு நாள் வெயிலில் நின்றிருப்பாரா என்று கேட்டான். சைக்கிள் ஓட்டத் தெரிந்தவன் சைக்கிள் புத்தகம் வாங்குவானா என்று கேட்டான். கடைசியில், "கண்ணும் காலும் உள்ளவனுக்கு அட்டையும் தாளும் தேவையில்லை" என்று முடித்தான். முப்பத்திரண்டு பேர் கைதட்டும் பொம்மை போட்டார்கள்.

அடுத்த வாரமே வடக்குப்பட்டு ரோட்டில் ஒரு புது டப்பா முளைத்தது. வைத்தவர் லூர்தம்மாள். ஒரு கம்பெனியில் ஆட்களின் வருகையைப் பதிவு பண்ணும் டைம் ஆபீஸில் இருபத்தாறு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். கஷ்டம், ஐந்துக்கு ஒன்றரை என்று போட்டிருந்தார். அதாவது மிகச் சுலபம். குழுவுக்கு வந்து மூன்றே வாரமான ஜாஸ்மின் என்கிற பெண் எட்டு நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டாள். 'புத்தகத்தில் அறுபத்துநாலாம் பக்கம் உதவியது. நன்றி' என்று வேறு எழுதினாள்.

பிரசாந்த் ஐந்து நாள் தேடினான். கிடைக்கவில்லை.

இடம் ஒன்றும் காடு மேடு இல்லை. ரோட்டோரம் வண்டி பள்ளத்தில் விழாமலிருக்கப் போட்ட இரும்புத் தடுப்பு. பக்கத்தில் ஒரு கம்பெனி காம்பவுண்ட். கொஞ்சம் தள்ளி பஸ் ஸ்டாப். அந்த ஸ்டாப்பில்தான் மோகனப்ரியா தினமும் காலை ஏழு பத்துக்குக் கம்பெனி பஸ் ஏறுவாள். அவள் கண்ணில் படக்கூடாது என்று பிரசாந்த் மத்தியானம் மூன்று மணிக்குப் போவான். தடுப்புக்கு அடியில் குனிந்து பார்த்தான். படுத்துப் பார்த்தான். வேலிக்காத்தான் முள் முதுகில் கோலம் போட்டதுதான் மிச்சம். காம்பவுண்ட் செக்யூரிட்டி மூன்றாம் நாள் விசில் ஊதினார். ஐந்தாம் நாள் போட்டோ எடுத்தார்.

செவ்வாய்க்கிழமை குழுவில் கேள்வி வந்தது. "பிரசாந்த் அண்ணா இன்னும் வடக்குப்பட்டு டப்பா பாக்கலியா?" அடுத்தவர் எழுதினார், "அவர் நாலு நிமிஷத்துல முடிச்சிருப்பாரு. போட மறந்திருப்பாரு." இன்னொருவர், "புத்தகம் இல்லாமலே!" என்றார்.

அப்போதுதான் கட்டை விரல் அந்தக் காரியத்தைச் செய்தது.

அடுத்த நிமிஷம் கைதட்டும் பொம்மைகள் வரிசையாக வந்தன. அதன் பின்னாலேயே லூர்தம்மாளின் செய்தி வந்தது.

'ஞாயிறு காலை பத்து மணிக்கு எல்லாரும் ஸ்பாட்டுக்கு வரவும். டப்பாவைத் திறந்து, சீட்டில் உள்ள பெயரையும் ஆப்பில் உள்ள பெயரையும் சரிபார்க்கப் போகிறேன். ஆப்பில் இருந்தும் சீட்டில் இல்லாதவர் பெயர் அங்கேயே அடிக்கப்படும். டீ, பஜ்ஜி உண்டு.'

பிரசாந்த் அதை இரண்டு தடவை படித்தான். போட்டதை அழித்துவிடலாமா? அழித்தால் முப்பத்துநாலு போனிலும் மணி அடித்துச் சொல்லும். ஜாஸ்மினிடம் ரகசியமாகக் கேட்கலாமா? மூன்று வாரப் பெண்ணிடம் முன்னூற்றுப் பன்னிரண்டு கேட்பதா? ஒரே வழிதான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்த டப்பாவைக் கண்டுபிடித்துச் சீட்டில் பெயர் எழுதிவிட வேண்டும். அதற்கும் ஒரே வழிதான் இருந்தது. அறுபத்துநாலாம் பக்கம்.

வடையைப் பாதியில் வைத்துவிட்டு, சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, அந்தப் புத்தகத்தை ஆர்டர் பண்ணினான். தன் வீட்டு விலாசம் கொடுக்கவில்லை. கீழ்வீட்டு நடேசன் வீட்டு விலாசம் கொடுத்தான். நடேசன் ராத்திரி ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் ஓட்டுகிறவர். பகலெல்லாம் வீட்டில்தான் இருப்பார்.

அன்றைக்குச் சாப்பாட்டின்போதே மோகனப்ரியா கவனித்துவிட்டாள். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் அவள் லைன் லீடர். நாற்பது பெண்களில் யாருக்குத் தலைவலி, யாருக்கு மாமியார் தலைவலி என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள்.

"இன்னாங்க, சோறு எறங்கலியா?"

"ஆடிட்டு."

"போன மாசந்தான ஆடிட்டு முடிஞ்சுது?"

"இது அந்த ஆடிட்டு சரியா நடந்துச்சான்னு பாக்குற ஆடிட்டு."

"அதுல உங்களுக்கு இன்னா பயம்? நீங்கதான் எல்லாத்தையும் சரியா பாக்குற ஆளாச்சே."

பிரசாந்த் ரசத்தைக் குடித்துச் சமாளித்தான்.

வியாழக்கிழமை மத்தியானம் புத்தகம் வந்தது. நடேசன் பார்சலைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா பிரசாந்து, உள்ள இன்னா கீது?"

"கம்பெனி சாமான்ணே."

"கம்பெனி சாமான் கம்பெனிக்குத்தானே போவும்? என் வூட்டுக்கு இன்னாத்துக்கு வருது?"

"சீக்ரெட்ணே. பிரியாகிட்ட சொல்லிடாதீங்க."

நடேசன் கண்ணைச் சிமிட்டினார். அந்தச் சிமிட்டலைப் பார்த்ததும் பிரசாந்துக்குப் பயம் இன்னும் ஒரு சுற்று ஏறியது.

மாடிக்குப் போனான். மோகனப்ரியா வர இன்னும் இரண்டரை மணி நேரம் இருந்தது. படித்துவிடலாம் என்று அட்டையைத் திறந்தான். சூப்பர்வைசர் போன் பண்ணினார். லைனில் ஏதோ கோளாறு, உடனே வர வேண்டும். முதல் தடவையாக நிஜமாகவே ஓ.டி.

இப்போது புத்தகத்தை ஒளிக்க வேண்டும். ஆறு வருஷமாக ஊரார் ஒளித்ததைத் தேடினவன் முதல்முறையாக ஒளிக்கக் கிளம்பினான். அரிசி டிரம்மா? தினமும் கை விடுவாள். பீரோவா? அது அவளுடையது, அவனுடைய இரண்டு சட்டைகள் அங்கே விருந்தாளிகள். மெத்தைக்கு அடியிலா? கத்துக்குட்டிகள் வைக்கும் இடம். கடைசியில் ஸ்டூல் போட்டு ஏறி, பரணில் மூன்று வருஷமாக யாரும் தொடாத கிரைண்டர் அட்டைப்பெட்டிக்குள், தெர்மாகோலுக்கு அடியில், பார்சல் கவரோடு செருகினான். கஷ்டம், ஐந்துக்கு ஐந்து. தன் திறமையை நினைத்து அந்தப் பதற்றத்திலும் ஒரு நொடி பெருமைப்பட்டான்.

எட்டு மணிக்குத் திரும்பி வந்தபோது மோகனப்ரியா சப்பாத்தி போட்டுக்கொண்டிருந்தாள். ரொம்ப அன்பாக இருந்தாள். அது நல்ல அறிகுறி இல்லை.

"ஏங்க, ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"இந்த டப்பா பொறுக்குறதுக்குல்லாம் புஸ்தகம் இருக்குதா?"

சப்பாத்தி பாதி வழியில் நின்றது.

"இருக்கு. ஆனா அதெல்லாம் புதுசா வர்றவங்களுக்கு."

"உங்கள மாதிரி பழகினவங்களுக்கு?"

"சுத்த வேஸ்ட்டு."

"நெஜமாவா?"

"நான் கட்டுரையே எழுதியிருக்கேன் பிரியா."

"அப்ப பழைய பேப்பர்காரருக்குப் போட்டுடவா? பரண்ல, கிரைண்டர் பெட்டில ஒண்ணு கெடக்குது."

பிரசாந்துக்குப் புரை ஏறியது. அவள் தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தாள்.

"நீ... எதுக்குப் பரணுக்குப் போன?"

"ஸ்டூலு எடம் மாறியிருந்துச்சு. அது மேல உங்க கால் தடம் இருந்துச்சு. பரண் தூசில அஞ்சு வெரலும் அச்சா பதிஞ்சிருந்துச்சு. இதுக்கு மேல அம்புக்குறி போட்டாத்தான் உண்டு. யாருதுங்க அது?"

"அது... நடேசன் அண்ணனுது."

"பார்சல் மேல உங்க பேரு ஒட்டியிருக்குதே?"

"அவருக்கு ஆர்டர் போடத் தெரியாது. நான் போட்டுக் குடுத்தேன்."

"அட, அப்டியா! பாவம், தேடிக்கினு இருப்பாரு."

சொல்லிவிட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டாள். அவளுடைய செருப்புச் சத்தம் படியிறங்கிப் போவதைப் பிரசாந்த் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தான். இருபது படி. இருபதும் அவன் நெஞ்சில் விழுந்தன.

வெள்ளிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் வீட்டுக்குக்கூடப் போகாமல் நடேசன் கதவைத் தட்டினான். நடேசன் மூக்குக் கண்ணாடியோடு வந்தார். அவரைக் கண்ணாடியோடு பார்ப்பது இதுதான் முதல் தடவை. கையில் புத்தகம் இருந்தது.

"அண்ணே, அந்தப் புஸ்தகம்..."

"என் புஸ்தகம்பா."

"என்னுதுண்ணே."

"உன் வூட்டுக்காரம்மா என்னுதுன்னு சொல்லிச்சே? நானும் யோசிச்சுப் பாத்தேன். சர்தான், என்னுதாத்தான் இருக்கும்னு வாங்கி வெச்சேன். சூப்பரா கீதுபா! நாப்பதாம் பக்கத்துல கீறேன்."

"ஒரே ஒரு பக்கம் பாத்துட்டுத் தந்துடறேன். அறுபத்துநாலு."

"அங்க நானே இன்னும் வர்ல. நீ முன்னாடியே பாத்துட்டு வந்து சொல்லிட்டீனா எனக்கு மஜா பூடும்."

"சொல்ல மாட்டேண்ணே. சத்தியமா."

"நீதான் முன்னூறு டப்பா பாத்த ஆளாச்சே. உனக்கு எதுக்கு? மரை கழண்டு போச்சா?"

பிரசாந்த் கெஞ்சினான். நாளைக்கு அவருடைய பைக்கைக் கழுவித் தருவதாகச் சொன்னான். கடைசியில் நடேசன் இறங்கி வந்தார். ஆனால் புத்தகத்தைக் கையில் தரவில்லை. தானே அறுபத்துநாலாம் பக்கத்தைத் திறந்து, தன் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு, அவனுக்குக் காட்டிக்கொண்டு நின்றார். கோயிலில் தீபாராதனை பார்ப்பதுபோல் எட்டி எட்டிப் பார்த்துப் படித்தான்.

'எவ்வளவு தேடியும் கிடைக்காவிட்டால், தேடுவதை நிறுத்துங்கள். எண்ணுங்கள். ஒரே மாதிரிப் பொருள்கள் வரிசையாக இருக்கும் இடத்தில், எத்தனை இருக்க வேண்டும், எத்தனை இருக்கின்றன என்று எண்ணுங்கள். அனுபவமுள்ளவர்கள் இதைச் செய்வதில்லை. எல்லாம் ஏற்கெனவே பார்த்தது போல அவர்களுக்குத் தோன்றும்.'

கடைசி வரி யாரோ அவன் முகத்தைப் பார்த்து எழுதின மாதிரி இருந்தது.

சனிக்கிழமை மூன்று மணிக்கு ரோட்டோரத் தடுப்புக்குப் போனான். எண்ண ஆரம்பித்தான். ஒவ்வொரு தூணிலும் நாலு போல்ட். முதல் தூண், நாலு. இரண்டாவது, நாலு. செக்யூரிட்டி கேட்டைத் திறந்துகொண்டு வந்தார்.

"சார், நீங்க யாரு? ஆறு நாளா வர்றீங்க. கம்பியக் கட்டிப் புடிக்கிறீங்க. இப்ப தூணுக்குத் தூணு தடவிக்கினு வர்றீங்க."

"எண்ணுறேன் சார்."

"இன்னாத்துக்கு?"

பிரசாந்துக்கு அந்த நேரம் பார்த்துப் பொய் வரவில்லை. ஸ்டாக் தீர்ந்துவிட்டது.

"வேண்டுதல்," என்றான்.

செக்யூரிட்டி ஒரு நிமிஷம் பார்த்தார். வேண்டுதல் என்று சொன்ன பிறகு அதற்கு மேல் என்ன கேட்பது? போட்டோ மட்டும் இன்னொன்று எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பதினொன்றாவது தூண். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.

ஐந்து.

ஐந்தாவது போல்ட்டைத் தொட்டான். கையோடு வந்தது. காந்தத்தில் ஒட்டியிருந்தது. மரையே கிடையாது. உள்ளே குழல். ஒரு நாளைக்கு நாலாயிரம் போல்ட்டுக்கு மரை பார்க்கிறவன் கண்ணெதிரே, மரையே இல்லாத போல்ட் ஒன்று ஆறு நாளாக உட்கார்ந்து அவனைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. மறைக்க வேண்டியதை மரைக்குப் பதிலாக மறைத்துவிட்டார் அந்த அம்மாள்.

குழலுக்குள்ளிருந்து சுருட்டிய காகிதத்தை எடுத்தான். பேனாவை எடுத்தான். ஆறே பெயர்கள். இன்னும் இடம் இருந்தது. செவ்வாய்க்கிழமைத் தேதி போட்டுப் பெயரை எழுதிவிட்டால் எல்லாம் முடிந்தது.

காகிதத்தை முழுக்கப் பிரித்தான்.

ஐந்தாவது பெயர்: பிரசாந்த். செவ்வாய்க்கிழமைத் தேதி.

ஒரு கன்டெய்னர் லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அவன் காதில் விழவில்லை. தனக்குத் தெரியாமல் தானே வந்து எழுதிவிட்டுப் போயிருக்கிறோமா என்று ஒரு கணம் நினைத்தான். பிறகு எழுத்தைப் பார்த்தான். 'ந்' மேல் புள்ளி இல்லை. புள்ளிக்குப் பதிலாகச் சின்னதாக ஒரு வட்டம். கேஸ் சிலிண்டர் ரசீதிலும் கூரியர் சீட்டிலும் அவன் பெயரை அப்படி எழுதுகிறவள் உலகத்தில் ஒருத்திதான்.

காகிதத்தைச் சுருட்டி உள்ளே வைத்தான். போல்ட்டை ஒட்டினான். காப்பாற்றப்பட்டுவிட்டோம் என்று புரிந்தது. யாரால் என்பதும் புரிந்தது. அதற்குப் பிறகு, காப்பாற்றப்படாமலே இருந்திருக்கலாமோ என்று தோன்றியது. அவளுக்கு எப்படித் தெரியும்? எவ்வளவு தெரியும்? கேட்டால் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கேட்காவிட்டால் அவள் எப்போது எடுத்து வீசுவாள் என்று ஆயுள் முழுக்கக் காத்திருக்க வேண்டும்.

வீட்டில் மோகனப்ரியா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"போன வேல முடிஞ்சுதா?"

"எந்த வேல?"

"ஆடிட்டு."

"ம். முடிஞ்சுது."

"கையெழுத்தெல்லாம் கரெக்டா இருந்துச்சா?"

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். வெங்காயத்தைத் தவிர வேறு எதுவும் தெரியாத முகம்.

"இருந்துச்சு," என்றான்.

"நல்லதுங்க. ஏதோ ஞாயித்துக்கெழம மீட்டிங்காமே? நானும் வரேன்."

"நீயா? அங்க வெயிலு. ஒனக்கு போர் அடிக்கும்."

"பஜ்ஜி இருக்குதாமே?"

பஜ்ஜி இருப்பது அவளுக்கு எப்படித் தெரியும் என்று அவன் கேட்கவில்லை. கேட்கிற நிலையைத் தாண்டி வெகு தூரம் வந்திருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வடக்குப்பட்டு ரோட்டில் பதினாறு பேர் கூடியிருந்தார்கள். நடேசனும் வந்திருந்தார், கண்ணாடியோடும் புத்தகத்தோடும். பைக்கை விட்டு இறங்கியதுமே கூட்டத்திலிருந்து ஒரு பெண் ஓடிவந்து மோகனப்ரியாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"லீடர் அக்கா! நீங்களும் வந்துட்டீங்களா!"

"இது ஜாஸ்மின்," என்றாள் மோகனப்ரியா கணவனிடம். "நம்ம லைன்தான். புதன்கெழம லஞ்ச்ல போன காட்டி, 'அக்கா, உங்க வூட்டுக்காரரு டப்பாவக் கண்டுபுடிச்சுட்டாரு'ன்னு லைன் பூரா சொல்லிட்டா."

பிரசாந்துக்கு முதுகில் முள் கிழித்த இடமெல்லாம் ஒரே நேரத்தில் எரிந்தது.

லூர்தம்மாள் மடக்கு மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். சிவப்புப் பேனா, ஸ்கேல், பூதக்கண்ணாடி. போல்ட்டைத் திறந்து காகிதத்தை ஸ்கேலால் அழுத்திவைத்துப் பெயர் வாசித்தார். ஜாஸ்மினுக்கு டிக். அடுத்த மூன்று பேருக்கும் டிக்.

"பிரசாந்த்."

"இருக்கேன் மேடம்."

பேனா கீழே இறங்கவில்லை. பூதக்கண்ணாடி இறங்கியது.

"தம்பி, இந்தத் தாள்ல உன் பேர ஒரு தபா எழுது."

எழுதினான். லூர்தம்மாள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"டைம் ஆபீஸ்ல இருபத்தாறு வருஷம் இருந்தவ நான். அண்ணனுக்குத் தம்பி கார்டு பஞ்ச் பண்ணா, ஓட்டையப் பாத்தே புடிச்சுடுவேன். இது ப்ராக்ஸி."

பஜ்ஜியும் கையுமாகப் பதினைந்து பேர் அவனைப் பார்த்தார்கள். பிரசாந்த் வாயைத் திறந்தான். உண்மையைச் சொல்லிவிடுவது என்றே முடிவுபண்ணிவிட்டான்.

"ப்ராக்ஸி இல்ல மேடம்," என்றாள் மோகனப்ரியா. "அது நான்தான்."

"நீ யாரும்மா?"

"இவரு சம்சாரம். நாங்க ரெண்டு பேரும் ஒரே பேர்லதான் ஆடுறோம். வூட்டுக்கு ஒரு பேரு போதும்ல? இது நான் கண்டுபுடிச்சது. அதனால நான் எழுதினேன்."

லூர்தம்மாள் யோசித்தார். "குடும்பத்துக்கு ஒரே பேரு வெச்சுக்கலாம். விதில இருக்குது. ஆனா இத நீதான் கண்டுபுடிச்சேன்னு எப்படி நம்புறது?"

"பதினோராவது தூண். மத்த நாலுலயும் துரு புடிச்சிருக்குது. இது ஒண்ணு மட்டும் பளபளன்னு இருக்குது. தெனம் காலைல பஸ்ஸுக்கு இங்கதான மேடம் நிக்கிறேன். நீங்க வெச்ச மறுநாளே பாத்துட்டேன்."

சிவப்புப் பேனா டிக் போட்டது. பிரசாந்துக்கு மூச்சு வந்தது. ஒரே ஒரு மூச்சுதான் வந்தது.

"அப்போ," என்றார் கூட்டத்தில் ஒருவர், "முன்னூத்துப் பதிமூணுல உங்களுது எத்தனைங்க?"

மோகனப்ரியா புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு சிரித்தாள்.

"புருஷன் பொண்டாட்டிக்குள்ள அதெல்லாம் எண்ணிக்கினா இருப்பாங்க?"

அவ்வளவுதான். முன்னூற்றுப் பன்னிரண்டு டப்பாவும் அந்த ஒரு சிரிப்பில் கரைந்து போயின. பதினைந்து பேரும் பிரசாந்தைப் பார்த்த பார்வையே மாறிவிட்டது. ஓஹோ, இத்தனை நாளும் விஷயம் இதுதானா என்கிற பார்வை. எல்லாம் நானே கண்டுபிடித்தது என்று கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினால், இதைக் கண்டுபிடித்தது யார், பொத்தானை அழுத்தியது யார் என்று அடுத்த கேள்வி வரும். வாயை மூடிக்கொண்டான்.

ஜாஸ்மின் கேட்டாள், "அக்கா, நீங்களே சொல்லுங்க. பழகினவங்களுக்குப் புஸ்தகம் தேவையா?"

"அவங்களுக்குத்தான் தேவ," என்றாள் மோகனப்ரியா. "புதுசா வர்றவங்களுக்கு வேணாம். அவங்களுக்குப் பயம் இருக்குது, ஒவ்வொண்ணா பாத்துப் பாத்துப் போவாங்க. பழகினவங்க பாக்குறத நிறுத்திடுறாங்க. எல்லாம் தெரியும்னு நெனச்சுக்கினு நடந்து பூடுறாங்க. அவங்கள ஒரு எடத்துல நிறுத்தி, 'இரு, எண்ணிப் பாரு'ன்னு சொல்றதுக்கு ஒரு புஸ்தகம் வேணும். வூட்டுல ஆளு சொன்னா கேக்க மாட்டாங்க."

"கரெக்டும்மா!" என்றார் நடேசன். "முந்தாநேத்து இவனே வந்து அறுபத்துநாலாம் பக்கத்த காட்டச் சொல்லி அழுவாத குறை."

அத்தனை பேரும் கைதட்டினார்கள். இந்தத் தடவை பொம்மை இல்லை, நிஜக் கை. லூர்தம்மாள் அடுத்த மாதத் தேடலுக்கு மோகனப்ரியா தலைமை தாங்க வேண்டும் என்று அங்கேயே அறிவித்தார். எல்லாரும் அவளோடு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். எடுத்துத் தந்தது பிரசாந்த். முதலில் அவனுடைய போனில் எடுத்தான். பிறகு, வெளிச்சம் போதவில்லை என்று சொல்லி மோகனப்ரியா அந்தப் போனை வாங்கி வைத்துக்கொண்டு, தன்னுடைய போனைக் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் பிரசாந்த் நாற்காலியில் விழுந்தான்.

"ஏன் பிரியா, எனக்காகவா எழுதின?"

"உங்களுக்காகவா? என் லைன்ல நாப்பது பேரு, 'லீடரம்மா வூட்டுக்காரரு பொய் சொன்னாராம்'னு பேசணுமா? புதன்கெழம ஜாஸ்மின் சொன்னதுமே தெரிஞ்சுபோச்சு. கெடைச்சிருந்தா வூட்டுக்குள்ள வரும்போதே விசிலடிச்சுக்கினு வருவீங்க. நீங்க ஆடிட்டு, ஆடிட்டுன்னு வந்தீங்க. வியாழக்கெழம பஸ்ஸு வர்றதுக்கு முன்னாடி எழுதி வெச்சுட்டேன்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"அனுபவஸ்தருக்கு யாரு சொல்றது?"

அவன் போனை எடுத்தான். குறைந்தபட்சம் தன் டப்பாக் கணக்கையாவது பார்க்கலாம். ஆப்பைத் திறந்தான். அது உள்ளே விடவில்லை. பாஸ்வேர்டு கேட்டது. பழைய பாஸ்வேர்டைப் போட்டான். தவறு என்றது.

"பிரியா, பாஸ்வேர்டு..."

"மாத்திட்டேன். ரெண்டு பேருக்கும் பொதுவான பேராச்சே, ரெண்டு பேருக்கும் பொதுவா ஒண்ணு வெச்சேன். போட்டோ எடுத்துக்கினு இருந்தீங்களே, அப்ப."

"என்ன வெச்சிருக்க?"

"கண்டுபுடிங்க."

மூன்று வாய்ப்புதான் தரும் ஆப். அவளுடைய பெயரைப் போட்டுப் பார்த்தான். தவறு. முதல் முறை சேர்ந்து வாங்கின பைக்கின் நம்பரைப் போட்டான். தவறு. பிறகு கொஞ்ச நேரம் கண்ணை மூடி யோசித்தான். இரண்டு பேருக்கும் பொதுவானது என்றால் அது ஒன்றே ஒன்றுதான். நிதானமாக, ஒவ்வொரு எண்ணாக, நாள், மாதம், வருஷம் என்று அடித்தான்.

தவறு. இருபத்துநாலு மணி நேரம் கழித்து முயலவும்.

"கல்யாண நாளா இருக்கும்னு நெனச்சேன்," என்றான்.

மோகனப்ரியா காயவைத்த துணியை மடித்துக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னாள்:

"கல்யாண நாள்தான்."